மலாக்கா: கோட்டை வீழ்ந்தது, குடும்பங்கள் நின்றன

நாம் நெல்லி என்று அழைக்கும் மரத்தை வடமொழியில் ஆமலகம் என்பர். மலாய் மக்கள் அதே மரத்தை 'மெலாக்கா' என்கின்றனர். ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டளவில், சுமத்திராவிலிருந்து நாடிழந்து வந்த பரமேசுவரன் என்னும் இளவரசன், ஓர் ஆற்றங்கரையில் நெல்லி மரத்தடியில் இளைப்பாறினான் என்றும், அவனுடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எதிர்த்து உதைத்து ஆற்றில் தள்ளியது என்றும், எளிய பிராணிக்கும் வீரம் தரும் இம்மண்ணிலேயே நகர் அமைப்போம் என்று அவன் முடிவு செய்தான் என்றும் பழைய மலாய்க் கதை கூறும். மரத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. அதுவே மலேசியாவின் மேற்குக் கரையில் உள்ள மலாக்கா துறைமுக நகரம்.

கதை எவ்வாறாயினும், அவ்விடத்தைத் தேர்ந்தவன் கடலை அறிந்தவன் என்பதில் ஐயமில்லை. மலாய்த் தீபகற்பத்திற்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள நீரிணையில் மலாக்கா அமைந்துள்ளது. இந்தியாவிலிருந்து சீனத்திற்குச் செல்லும் மரக்கலங்கள் பெரும்பாலும் இவ்வழியே சென்றன. மேற்கிலிருந்து வந்த கப்பல்களை ஒரு பருவக்காற்றும், சீனத்திலிருந்து வந்தவற்றை மற்றொரு பருவக்காற்றும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன. திரும்பிச் செல்லக் காற்று மாறும் வரையில் வணிகர் இங்கேயே தங்கினர். தங்கியவர் வீடு கட்டினர், மணம் புரிந்தனர், தத்தம் கடவுளுக்குக் கோவில் எழுப்பினர். இவ்வாறு காற்றுக்குக் காத்திருந்த மக்களால் உருவான நகரம் இது.

1512 முதல் 1515 வரை இங்கு வாழ்ந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசிய மருந்தாளர், மலாக்காவின் தெருக்களில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதி வைத்துள்ளார். வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க சுல்தான்கள் நான்கு துறைமுக அதிகாரிகளை நியமித்திருந்தனர். குஜராத்தியருக்கென ஒருவர் இருந்தார். தமிழகக் கடற்கரை, வங்கம், பெகு முதலிய இடத்தாருக்கு மற்றொருவர். சாவகத் தீவினருக்கும் சீனருக்கும் வேறு இருவர். நம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு அந்நாளில் அங்கே இருந்த மதிப்பு பெரிது. மலாய் மொழியில் இன்றும் கப்பலைக் 'காப்பால்' என்றும், கடையைக் 'கெடாய்' என்றும், கட்டிலைக் 'காத்தில்' என்றும் கூறுகின்றனர். நம் முன்னோர் இறக்கிவிட்டு வந்த சரக்குகளுள் சொற்களும் இருந்தன.

செல்வம் மிகுந்த ஊருக்குப் பகையும் மிகும். 1511-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்புகெர்க்கின் தலைமையில் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். 1641-இல் ஒல்லாந்தர் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். சிறிது காலம் திருப்பிக் கொடுத்து, 1824-இல் உடன்படிக்கை வழியாக மீண்டும் பெற்றனர். 1957-இல் மலாயா விடுதலை பெற்றது. அவ்விடுதலையின் நாளை 1956-ஆம் ஆண்டு பெப்ருவரி 20-ஆம் நாளன்று துங்கு அப்துல் ரகுமான் மக்களுக்கு அறிவித்ததும் இந்நகரின் திடலில்தான். ஆண்டவர் ஒவ்வொருவரும் என்றும் நிலைப்போம் என்று எண்ணியே கற்களை அடுக்கினர். அவற்றுள் எவை நின்றன, எவை வீழ்ந்தன என்பதை நடந்தே பார்த்துவிடக் கூடிய அளவுக்கு இது சிறிய நகரம்.

செந்நிறச் சதுக்கம்

பயணிகள் முதலில் வந்து சேருமிடம் ஆற்றங்கரையிலுள்ள ஒல்லாந்தர் சதுக்கம். சுற்றிலும் உள்ள கட்டடங்கள் யாவும் செங்காவி நிறம் பூசியவை. 'ஸ்டாட்ஹெய்ஸ்' எனப்படும் பெரிய மாளிகை பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஒல்லாந்த ஆளுநருக்காகக் கட்டப்பட்டது. இன்று அது வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. மலாக்காவின் கதையை வரிசையாக அறிய விரும்புவோர் இங்கே இரண்டு மணி நேரத்தைச் செலவிடுவது நலம்.

அதன் அருகே நிற்பது கிறிஸ்து ஆலயம். நகரைப் பிடித்த நூறாம் ஆண்டின் நினைவாக 1741-இல் ஒல்லாந்தர் இதற்கு அடிக்கல் நாட்டி, 1753-இல் முடித்தனர். உள்ளே சென்று தலைநிமிர்ந்து பார்த்தால் கூரையைத் தாங்கும் உத்தரங்கள் கண்ணில் படும். ஒவ்வொன்றும் 48 அடி நீளம். ஒவ்வொன்றும் ஒரே மரத்திலிருந்து ஒட்டின்றி அறுக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் இது ஆங்கிலிக்கன் சபையாரின் ஆலயமாயிற்று. இன்றும் அவர்களுடைய வழிபாடு இங்கே நடைபெறுகிறது. சதுக்கத்தில் மணிக்கூண்டும், விக்டோரியா அரசியின் பெயரால் அமைந்த நீரூற்றும் உள்ளன. காகிதப் பூக்களும் வண்ண விளக்குகளும் சூட்டிய மூன்று சக்கர வண்டிகள் உரத்த பாட்டுடன் வரிசையாக நிற்கும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அவற்றில் ஒரு சுற்று வராமல் அகல முடியாது.

கூரையற்ற கோவில்

சதுக்கத்தின் பின்புறம் எழும் சிறு குன்றின் மேல் ஏறினால், கூரை இல்லாமல் வெறும் சுவர்களோடு நிற்கும் பழைய ஆலயமொன்றைக் காணலாம். கத்தோலிக்கத் தமிழர் எவரும் இங்கே சிறிது நேரம் மௌனமாக நிற்காமல் திரும்ப மாட்டார். துவார்த்தே கொயெல்யோ என்னும் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர், கடலில் உயிர் தப்பியதற்கு நன்றியாக 1521-ஆம் ஆண்டில் தேவமாதாவின் பெயரால் இவ்விடத்தில் ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1548-இல் அது இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நம் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1545-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறையருகே சில மாதங்கள் தங்கிச் செபித்து, அங்கிருந்தே கப்பலேறி மலாக்கா வந்து சேர்ந்தார். தமிழ்க் கரையில் உதவியாளரைக் கொண்டு மந்திரங்களைத் தமிழில் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தது போலவே, இங்கும் செபங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்து சிறுவர்க்குக் கற்பித்தார். பின்னும் பலமுறை இவ்வூருக்கு வந்து சென்றார். அஞ்சிரோ என்னும் ஜப்பானியரை 1547-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சந்தித்ததும் இங்கேதான். அச்சந்திப்பே அவரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது.

1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையை நோக்கிய சான்சியன் தீவில் சவேரியார் உயிர் நீத்தார். அவருடைய உடல் 1553-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, இந்தக் குன்றின் மேலிருந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சில மாதங்களுக்குப் பின் கல்லறையைத் திறந்தவர்கள் உடல் அழியாதிருக்கக் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் கப்பலேற்றப்பட்ட அத்திருவுடல் 1554-இல் கோவா சேர்ந்தது. அவரைக் கிடத்தியிருந்த குழி இன்றும் ஆலயத்தின் தரையில், கம்பி வேலியால் மூடப்பட்டு உள்ளது.

ஆலயத்தின் முன் நிற்கும் சவேரியாரின் வெண்சிலை, அவருடைய மரணத்தின் நானூறாம் ஆண்டு நினைவாக 1952-இல் நிறுவப்பெற்றது. அதன் வலக்கை இல்லை. சிலையை மந்திரித்த மறுநாளே மரம் ஒன்று சாய்ந்து அக்கையை முறித்தது என்று ஊரார் சொல்கின்றனர். பல்லாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் அளித்த அவருடைய வலது முன்கை 1614-ஆம் ஆண்டில் உடலினின்று எடுக்கப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டது என்பதை அறிந்தோர் இச்சிலையைக் கண்டு வியப்பர்.

ஒல்லாந்தர் நகரைப் பிடித்ததும் இவ்வாலயத்தைத் தம் சபைக்கு உரியதாக்கிப் புனித சின்னப்பரின் பெயரை இட்டனர். கீழே தமக்குப் புதிய ஆலயம் கட்டி முடித்ததும் இதைக் கைவிட்டு, தம் பெரியோரைப் புதைக்கும் இடமாக்கினர். ஆங்கிலேயர் இதில் வெடிமருந்தைச் சேமித்தனர். இன்று சுவரோரம் ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. கப்பல் உருவமும் குலச் சின்னங்களும் செதுக்கிய அக்கற்களின் கீழ்க் கிடந்தவர்கள் யாரென்று கேட்பார் இல்லை. வெறுமையாய்க் கிடக்கும் அந்தக் குழியையே எல்லாரும் தேடி வருகின்றனர்.

எஞ்சிய வாயில்

குன்றின் மறுபுறம் இறங்கினால் 'போர்த்தா தெ சந்தியாகோ' என்னும் கோட்டை வாயில் தோன்றும். அல்புகெர்க்கு எழுப்பிய 'அ ஃபமோசா' என்ற புகழ் பெற்ற கோட்டையில் முழுமையாய் நிற்பது இவ்வொன்றே. நீரிணையை ஆளும் திறவுகோல் என்று கருதப்பட்ட கோட்டை அது.

அதன் வரலாற்றில் நாம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அக்கோட்டையைக் கட்ட மசூதியின் கற்களும், மலாய் அரசர்களுடைய கல்லறைகளின் கற்களும் எடுக்கப்பட்டன. சிலுவை தாங்கிய கொடியுடன் வந்தவர்கள் பிறருடைய வழிபாட்டு இடத்தைப் பிரித்துத் தமக்கு அரண் செய்தனர். மலாக்காவின் செல்வத்தை ஏற்றிக்கொண்டு அல்புகெர்க்கு புறப்பட்ட 'ஃப்ளோர் தெ லா மார்' என்னும் கப்பல், அதே 1511-ஆம் ஆண்டின் இறுதியில் சுமத்திராவின் கரையோரம் புயலில் சிக்கி மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். பொருள் கடலுக்குப் போயிற்று. அக்கப்பலின் உருவிலேயே அமைக்கப்பட்ட கடல்சார் அருங்காட்சியகம் ஆற்றின் முகத்துவாரத்தருகே நிற்கிறது. சிறுவர்கள் அதில் ஏறி இறங்கி மகிழ்கின்றனர்.

கோட்டையின் முடிவோ போரினால் வந்ததன்று. மலாக்காவைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அது பகைவருக்குப் பயன்படுமே என்று அஞ்சிய ஆங்கிலேயர், 1807-ஆம் ஆண்டு முதல் அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். மலாக்காவில் பிறந்தவரும், இளமையில் தமிழும் கற்றவருமான மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, தம் வாழ்க்கை வரலாற்றில் அந்த அழிவை விரிவாக வருணித்துள்ளார். எஞ்சிய வாயிலை உற்று நோக்கினால், போர்த்துக்கீசியர் அமைத்த அதன் நெற்றியில் ஒல்லாந்தக் கும்பினியின் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முன்பு கடலலை இவ்வாயிலின் அருகே வந்து மோதியது. கரையை மண்ணிட்டு நிரப்பியதால் இன்று கடல் வெகுதூரம் விலகிவிட்டது. 2006-ஆம் ஆண்டில் வேறொரு கட்டுமானத்திற்காகத் தோண்டியபோது கோட்டையின் கொத்தளம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது; அதன் மேல் மீண்டும் கட்டி, பீரங்கிகளோடு காட்சிக்கு வைத்துள்ளனர்.

ஆற்றுக்கு அக்கரையில்

பாலத்தைக் கடந்து ஆற்றின் மறுகரைக்குச் சென்றால் நகரின் முகமே மாறுகிறது. இங்கே ஆண்டவரின் மாளிகைகள் இல்லை. வணிகரின் குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்ட வீடுகள், முற்றத்தில் வானொளி விழுமாறு, நம் செட்டிநாட்டு வீடுகளை நினைவூட்டும் வகையில் அமைந்துள்ளன. சீன வணிகர் உள்ளூரில் மணம் புரிந்து உருவான 'பாபா நியோன்யா' குடும்பமொன்றின் இல்லம் அருங்காட்சியகமாக உள்ளது. ஜோங்கர் தெருவில் வார இறுதி நாள்களின் மாலைகளில் இரவுச் சந்தை கூடும்.

அங்கிருந்து சில அடிகளில் மூன்று வழிபாட்டு இடங்கள் ஒரே வீதித் தொடரில் அமைந்துள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோவில் ஒன்று. 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் மற்றொன்று. கூம்பு வடிவக் கூரையும், சீனக் கோபுரம் போன்ற மினாராவும், ஐரோப்பியத் தூண்களும் அதில் ஒருங்கே காணப்படும். மூன்றாவது, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம். தமிழ் வணிகர்களின் தலைவரான தைவநாயகம் செட்டிக்கு ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் அது கட்டப்பட்டது. ஒரே காலைப்பொழுதில் மூன்றையும் வலம் வந்துவிடலாம். இம்மூன்றும் அக்கம்பக்கத்தில் இத்தனை தலைமுறைகள் இருந்தும் எதுவும் எதையும் இடிக்கவில்லை. பிறருடைய மசூதியைப் பிரித்துக் கட்டிய கோட்டையைக் கண்ட கண்ணோடு இவ்வீதியில் நடக்கும்போது மனம் தானாக ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அந்தத் தமிழ் வணிகரின் வழிவந்தோர் இன்றும் மலாக்காவில் 'சிட்டி' என்ற பெயரில் வாழ்கின்றனர். சுல்தான்களின் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்களின் மக்கள் அவர்கள். பின்னாளில் தோட்டங்களில் உழைக்க அழைத்து வரப்பட்ட தமிழரோடு இவர்களைக் கலந்து எண்ணிவிடக் கூடாது. காஜா பேராங் பகுதியிலுள்ள அவர்களுடைய சிற்றூருக்குச் சென்றால் மாரியம்மன் கோவிலும், சிறு அருங்காட்சியகமும் உள்ளன. பிள்ளை, நாயக்கர், படையாட்சி முதலிய பட்டங்கள் பெயரோடு வருகின்றன. பொங்கல் தவறுவதில்லை, போகியன்று மூத்தோருக்குப் படையலிடும் வழக்கமும் உண்டு. ஆனால் பெண்டிர் உடுப்பது மலாய்ச் சாரோங்; வீட்டில் பேசுவது மலாய். தாயகத்தோடு தொடர்பு அறுந்த தலைமுறைகளில் தமிழ் அவர்களுடைய நாவைவிட்டுப் போய்விட்டது. கோவிலும் பெயரும் பண்டிகையும் எஞ்சின. தமிழ் பேசிச் செல்லும் நம்மை அவர்கள் அன்போடு வரவேற்று மலாய் மொழியில் பதில் கூறும்போது, ஒரு மொழி எப்படி ஓசையின்றி ஒரு வீட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதை உணர்கிறோம்.

வீடுகளில் காத்த விசுவாசம்

1641-க்குப் பின் மலாக்காவின் கத்தோலிக்கர் நிலை இரங்கத்தக்கதாயிற்று. 1558-ஆம் ஆண்டிலேயே தனி மறைமாவட்டமாக உயர்ந்த ஊர் அது. ஒல்லாந்தக் கும்பினி குருக்களை வெளியேற்றிப் பொது வழிபாட்டைத் தடை செய்தது. இதே கும்பினிதான் 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி அங்கும் இவ்வாறே செய்தது. இலங்கையில் ஒளிந்து வாழ்ந்த நம் மக்களைத் தேடி 1687-இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளை, 2015-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. மலாக்காவுக்கு அத்தகைய ஒருவர் கிடைக்கவில்லை. மறைந்து வந்து சென்ற குருக்களைத் தவிர்த்தால், அங்கே விசுவாசத்தைக் காத்தவர்கள் பொதுநிலையினரே. மீனவரும் கைவினைஞரும் தம் வீடுகளில் கூடிச் செபமாலை சொல்லினர். பிள்ளைகளுக்குப் பாட்டிமார் மந்திரங்களைக் கற்பித்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது. மனம் மாறிய ஒல்லாந்தர் ஒருவர் அளித்த நிலத்தில் 1710-ஆம் ஆண்டு புனித இராயப்பர் ஆலயம் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் கத்தோலிக்க ஆலயங்களுள் இதுவே மிகப் பழையது. கோவாவில் வார்க்கப்பட்டு 1608 என்னும் ஆண்டைத் தாங்கிய மணி அதில் உள்ளது. ஆலயத்தைவிட மணிக்கு வயது அதிகம். பெரிய வெள்ளியன்று மரித்த ஆண்டவரின் சுரூபம் மெழுகுவர்த்திகளின் ஒளியில் சுற்றி வரும்போது, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் குடியேறிய மலாக்காக் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடுகின்றன. நம் ஊர்ப் பாஸ்குவைக் கண்டு வளர்ந்தோருக்கு அந்த இரவு அந்நியமாய்த் தோன்றாது.

ஆற்றங்கரையில் இரட்டைக் கோபுரங்களோடு நிற்பது புனித சவேரியார் ஆலயம். பிரஞ்சு மறைபோதகரான ஃபாவ்ர் அடிகளாரின் முயற்சியால் 1849-ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. சவேரியாரும் ஜப்பானிய அஞ்சிரோவும் சேர்ந்து நிற்கும் சிலைகள் அதன் வளாகத்தில் உள்ளன. இவ்வூர் இன்று 1972-இல் அமைந்த மலாக்கா-ஜோகூர் மறைமாவட்டத்தைச் சார்ந்தது.

பாதிரியாரின் நிலம்

நகருக்குச் சிறிது தொலைவில் உஜோங் பாசிர் என்னுமிடத்தில் கடலோரமாய்ப் போர்த்துக்கீசியக் குடியிருப்பு உள்ளது. போர்த்துக்கல்லில் இருந்து வந்தோருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களுள் பலர் ஏழை மீனவராய், நகரின் பல மூலைகளில் வாடகைக் குடிசைகளில் சிதறிக் கிடந்தனர். சிதறிய சமூகம் விரைவில் மறைந்துவிடும் என்று கண்ட இரு குருக்கள், பிரஞ்சு நாட்டு பிரான்சுவா அடிகளும் போர்த்துக்கீசியரான கொரோவாதோ அடிகளும், இவர்களை ஓரிடத்தில் குடியமர்த்த வேண்டுமென ஆங்கில அரசை வற்புறுத்தினர். ஏறத்தாழ 28 ஏக்கர் சதுப்பு நிலம் கிடைத்தது. 1930-களில் வீடுகள் எழுந்தன. அம்மக்கள் தம் மொழியில் அவ்விடத்தைப் 'பாதிரியாரின் நிலம்' என்றே குறித்தனர்.

அம்மொழியின் பெயர் 'கிரிஸ்தாங்'. கிறிஸ்தவர் என்பதே அதன் பொருள். சமயத்தின் பெயரும், மொழியின் பெயரும், மக்களின் பெயரும் ஒன்றே. சொற்கள் பழைய போர்த்துக்கீசியம். அவற்றைக் கோக்கும் முறையோ பெரிதும் மலாய். "நலமா?" என்பதற்குத் 'தேங் போங்' என்கின்றனர். நன்றி கூற 'முத்து மெர்சே' என்பர். நமக்கும் இதில் சிறிது உறவுண்டு. நம் வீட்டு ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, பாதிரியார் என்னும் சொற்கள் யாவும் அதே போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. மலாய் மொழியிலும் ஜன்னல் 'ஜெண்டேலா', அலமாரி 'அல்மாரி', மேசை 'மேஜா', கோவில் 'கெரேஜா'.

ஆண்டு முழுதும் இங்கே திருநாள்களுக்குக் குறைவில்லை. விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறன்று ஒருவர் மேல் ஒருவர் நீரூற்றி விளையாடுவர். ஜூன் 23-ஆம் நாளிரவு புனித அருளப்பரின் திருவிழாவுக்காக வீட்டு வாயில்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவர். ஜூன் 29-ஆம் நாள் மீனவரின் பாதுகாவலரான புனித இராயப்பர் பெருவிழா. அன்று படகுகள் அலங்கரிக்கப்பட்டு நிற்கும். குரு அவற்றை மந்திரிப்பார். கிறிஸ்மசுக் காலத்தில் குடியிருப்பு முழுவதும் விளக்குகளால் ஒளிரும். பிற சமயத்தாரும் திரளாக வந்து கண்டு மகிழ்வர். கடலோர உணவுக் கடைகளில் வினிகரும் கடுகும் மிளகாயும் சேர்ந்த 'தேபால்' கறி கிடைக்கும்.

இவ்வளவையும் கண்டு மகிழும் பயணி, அவர்களுடைய கவலையையும் அறிய வேண்டும். இடுப்பளவு நீரில் வலை தள்ளிப் பொடி இறால் பிடிப்பது இவர்களின் பரம்பரைத் தொழில். கரையோரத்தை மண்ணிட்டு நிரப்பும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அந்த ஆழமற்ற கடலைக் குறுக்கிவிட்டன. மீன்பாடு குறைந்தது, இளைஞர் வேலை தேடி வெளியூர் செல்கின்றனர். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கற்கும் பிள்ளைகளுக்குப் பாட்டியின் மொழி அரைகுறையாகவே வருகிறது. ஒல்லாந்தரின் தடை செய்ய இயலாததைச் சம்பாத்தியமும் வசதியும் ஒரு தலைமுறையில் செய்துவிடுமோ என்று முதியோர் அஞ்சுகின்றனர். ஊரிலுள்ள சிலர் சிறுவரைக் கூட்டிக் கிரிஸ்தாங் கற்பிக்கவும், சொற்களைத் தொகுக்கவும் முயன்று வருகின்றனர்.

முயற்சி வீணாகாது என்பதற்கு இந்நகரிலேயே சான்று உண்டு. நகரின் ஓரத்திலுள்ள புக்கிட் சீனா என்னும் குன்றில் ஆயிரக்கணக்கான பழைய சீனக் கல்லறைகள் உள்ளன. 1984-ஆம் ஆண்டில் அக்குன்றை வெட்டிச் சமன் செய்து கட்டடங்கள் எழுப்ப மாநில அரசு திட்டமிட்டபோது, நாடெங்கும் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். குன்று காப்பாற்றப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

கோலாலம்பூரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம் ஆகும். சிங்கப்பூரிலிருந்தும் நேரடிப் பேருந்துகள் உண்டு. காலையில் வந்து மாலையில் திரும்புவோரே மிகுதி. ஆனால் ஓர் இரவாவது தங்குவோர்க்கே ஊர் தன்னைக் காட்டும். குன்றின் மேல் ஏறக் காலை நேரமே ஏற்றது. நண்பகலில் வெயிலும், பிற்பகலில் பெரும்பாலும் மழையும் உண்டு. முதல் நாள் சதுக்கம், குன்று, வாயில், அருங்காட்சியகம்; மாலையில் ஆற்றில் படகு. மறுநாள் அக்கரை வீதிகள், சிட்டி மக்களின் சிற்றூர், இராயப்பர் ஆலயம். மாலையில் போர்த்துக்கீசியக் குடியிருப்பு. வழிபாட்டு இடங்களுக்குச் செல்கையில் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். களைப்பு தீர, தேங்காய்ப் பாலும் தென்னங்கருப்பட்டிப் பாகும் ஊற்றிய 'செண்டோல்' என்னும் குளிர்ந்த இனிப்பைப் பருகலாம். அக்கருப்பட்டிக்கே 'குலா மெலாக்கா', அதாவது மலாக்காச் சர்க்கரை என்று பெயர்.

மலாக்காவில் கோட்டை கட்டியவரிடம் பீரங்கியும் பொன்னும் இருந்தன. பெரிய மதில் வெடித்துச் சிதறியது; பொன் கடலில் மூழ்கியது. மாலைச் செபத்தை விடாத குடும்பங்களும், பொங்கலை மறவாத குடும்பங்களும், மூத்தோர் கல்லறையை விட்டுக்கொடாத குடும்பங்களும் இன்றும் அதே தெருக்களில் வாழ்கின்றன. சிட்டி மக்கள் தெய்வத்தைக் காத்து மொழியை இழந்தனர். கிரிஸ்தாங் மக்கள் இரண்டையும் காத்து, இப்போது ஒன்றை இழக்கும் நிலையில் நிற்கின்றனர். நம் பிள்ளைகளும் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் சென்று வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் மாலைச் செபம் நடக்கிறதா, நடந்தால் எந்த மொழியில் நடக்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். மலாக்காவுக்குச் செல்ல எல்லாருக்கும் வாய்ப்பது அரிது. பேரப்பிள்ளையை மடியில் அமர்த்தி அருள்நிறை மந்திரத்தைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது எவருக்கும் இன்று மாலையே இயலும்.